ஆற்றைக் காக்கவைத்தவள்

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பாத்திரம் மேடம்'. இலக்கியம் சொல்லிக்கொடுப்பவர் ஆயிற்றே, கதாபாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவராக இருப்பார் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. இது சாப்பிட்ட பிறகு தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தப் பாத்திரம். அதைப் பற்றி முப்பத்து மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்து, பேராசிரியையாகி, துறைத்தலைவியாகி, மூன்று புத்தகம் எழுதி, நாலாவது புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்தில்தான் அந்த அம்மாளுக்குச் சோதனை வந்தது.

அவர் ஆராய்ந்த கதை சின்னக் கதைதான். ஒரு ஆறு, ஒரு படகுத்துறை, படகோட்டிக்கு ஒரு மகள். அப்பா உடம்பு முடியாமல் படுத்திருக்கும் ஒரு மழை நாளில், அக்கரைக்குப் போகவேண்டும் என்று ஒரு வெளியூர்க்காரன் வந்து நிற்கிறான். மகள் துடுப்பை எடுக்கிறாள். நடு ஆற்றில் அவன், "நான் ஆளில்லை, நான்தான் இந்த ஆறு. என்னோடு வந்துவிடு" என்கிறான். அவளும் போய்விடுகிறாள். ஆற்றோர ஊர்களில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி மிரட்டி வைப்பார்கள், தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்பதற்காக.

பேராசிரியை இருபத்தாறு வயதில், ஒரு டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கரையிலும் ஊர் ஊராக அலைந்து, இந்தக் கதையை இருபத்து மூன்று பேர் வாயிலிருந்து பதிவு செய்தார். இருபத்திரண்டு பேர் கதையிலும் மகள் ஆற்றோடு போனாள். ஒரே ஒருத்தி மட்டும், ஆய்வேட்டில் 'தகவலாளி ஒன்பது' என்று குறிக்கப்பட்ட ஒரு படகுத்துறைப் பெண்மணி, வேறு மாதிரி சொன்னாள். அவள் கதையில் மகள் ஆற்றைப் பார்த்து, "வர்றேன். ஆனா வீட்டுல பாத்திரம் அப்படியே கிடக்கு. கழுவி வெச்சிட்டு வர்றேன், இங்கேயே இரு" என்கிறாள். ஆறும் நம்பி நிற்கிறது. அவள் வீட்டுக்கு வந்து கழுவ உட்காருகிறாள். ஒரு பக்கம் கழுவி முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் நாலு பேர் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? ஆறு இன்றைக்கும் அந்த வளைவில் காத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறதாம். அங்கே சுழல் இருப்பதற்கு அதுதான் காரணமாம்.

இது போதாதா! இதுதான் மூலக்கதை, ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாத பழமை உடையது, உழைக்கிற பெண்கள் தங்களுக்குள் சொல்லிக் காப்பாற்றி வைத்தது, பெண்ணை ஆற்றில் தள்ளியதெல்லாம் பின்னால் வந்த ஆண்களின் கைவரிசை என்று அவர் அடித்துச் சொன்னார். ஆதாரம், அடிக்குறிப்பு, ஒப்பீடு என்று கோட்டை மாதிரி கட்டினார். எதிர்த்துப் பேச வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் கூட, வரிசையாக உட்கார்ந்து தூங்கி வழிகிற பெரிய மனிதர்கள், பாத்திரம் என்றதும் கண்ணைத் திறந்தார்கள்.

இத்தனைக்கும் அவருக்குப் பாத்திரம் கழுவுவதென்றால் வேப்பங்காய். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறை முழுக்கப் புத்தகம். சமையலறை அலமாரியில் பிஸ்கட் டின்களுக்குள் குறிப்பட்டைகள். தொட்டியில் எப்போதும் நேற்றைய தட்டு இன்றைய தட்டுக்காகக் காத்திருக்கும். அப்பா தபால் நிலைய எழுத்தர், அம்மா தையல்காரி, இவரோடு ஒரு தங்கை. அந்த வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர். கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்த போதெல்லாம், "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்பார். அத்தியாயம் முடிந்தால் அடுத்த அத்தியாயம். "அவளாவது பாத்திரம் கழுவினா. நீ அத்தியாயம் கழுவிட்டு இருக்கே" என்று தங்கை கிண்டல் செய்வாள். ஐம்பத்தொன்பது வயது எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது.

ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். வாழ்நாள் உழைப்பையெல்லாம் திரட்டிய புத்தகம், அறுநூற்று நாற்பது பக்கம், புரூஃபாக மேசைமேல் கிடந்தது. அதில் நாலாவது அத்தியாயம், நூற்று நாற்பது பக்கம், பாத்திரம் மட்டுமே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று பதிப்பாசிரியர் நாளைக்கு மூன்று தடவை போன் செய்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நூலகத்தின் நிலவறையிலிருந்து ஆள் வந்தது. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற ஒலிப்பதிவாளர் கூப்பிடுகிறாராம். அவர் ஒரு மாதிரி ஆள். காதில் ஹெட்போனை மாட்டினால் இருமலைக்கூட விடமாட்டார், 'இருமுகிறார்' என்று தட்டச்சு செய்து வைப்பார். ஈரம் இறங்காமலிருக்க மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும் அந்த அறைக்குப் போய்ப் பேராசிரியை உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒன்பதாம் நம்பர் கேசட்டு. உங்க ஆய்வேட்டுல அந்தம்மா கதை சொல்றதுலேர்ந்துதான் எழுதியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி பதினோரு நிமிஷம் இருக்கு."

"அது அறிமுகப் பேச்சுப்பா. பேரு என்ன, எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டிருப்பேன். அதெல்லாம் எழுதுறதில்லை."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா அதுல நீங்கதான் கதை சொல்றீங்க மேடம்."

"நான் சொல்றேனா? நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். மழைச் சத்தம். எங்கேயோ படகு கரையில் இடிக்கிற சத்தம். பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல், துடுக்கான, அவசரமான குரல். இது யார் இந்த வாயாடி என்று ஒரு வினாடி யோசித்துவிட்டு, அது தாம்தான் என்று பேராசிரியைக்குப் புரிந்தது. "நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்களே அம்மா. சரி, எனக்குத் தெரிஞ்ச கதையில அவ போக மாட்டா. வீட்டுல பாத்திரம் கிடக்கு, கழுவி வெச்சிட்டு வர்றேன்னு ஆத்துக்கிட்டச் சொல்லிட்டு வந்துடுவா. வந்து கழுவிட்டே இருப்பா." அதற்குப் பிறகு வெகுநேரம் மழை மட்டும். அப்புறம் அந்தப் பெண்மணியின் குரல், மெதுவாக: "ஆமா. அப்படித்தான். அதுதான் சரி." டக்கென்று ஒரு சத்தம், நாடா நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் உலகமே மேற்கோள் காட்டுகிற பகுதி.

இதன் அர்த்தம் அந்தத் துறைக்காரர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். கதை கேட்கப் போகிறவர், தகவலாளி வாயில் ஒரு சொல்லைக்கூட வைக்கக் கூடாது. வைத்தால் திரும்பி வருவது அவர்கள் கதை இல்லை, உங்கள் கதை. "காதை மட்டும் எடுத்துட்டுப் போங்க, வாயை வீட்டுல பூட்டிட்டுப் போங்க" என்று முப்பது வருஷமாக முதல் வகுப்பில் முதல் வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தவர் இவர். இதை மீறிய ஒரு பையனின் ஆய்வேட்டை ஒரு தடவை அப்படியே திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அந்தப் பையன் அன்றைக்கு நின்ற நிலை இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"வேற யாராவது கேட்டாங்களா இதை?"

"நான் மட்டும்தான் மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர். பிறகு, "எழுதட்டுமா, வேணாமா?" என்று கேட்டார்.

பேராசிரியை எழுந்து படியேறினார். அன்றைக்கு எடுத்த வகுப்பில் எந்தக் காவியத்தைப் பற்றிப் பேசினோம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து யோசித்தார், யோசித்தார், யோசிக்க யோசிக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'எனக்குத் தெரிஞ்ச கதை' என்று சொல்லியிருக்கிறோமே, யார் சொல்லித் தெரிந்தது? ஒருவேளை முதல் நாளே போய், மிஷினை முடுக்காமல் அந்த அம்மாளிடம் கேட்டிருந்து, மறுநாள் அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தால் கோட்டைக்கு ஆபத்தில்லை. இல்லையென்றால் வேறு ஊரில் யாரோ சொன்னதாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் பாதகமில்லை, தகவலாளி எண்ணை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை நினைக்கவே பிடிக்கவில்லை. பிஸ்கட் டின்னையெல்லாம் கவிழ்த்து அந்த வருஷத்துக் களக் குறிப்பேட்டைக் கண்டுபிடித்தார். பக்கம் பக்கமாக அழகாக எழுதிக்கொண்டு வந்த புண்ணியவதி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் நாலு சொல் எழுதியிருந்தாள்: 'மழை. சளி. ஒன்பது அருமை.' அந்த இருபத்தாறு வயதுப் பெண் எதிரில் கிடைத்திருந்தால் பேராசிரியை நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பார்.

புதன்கிழமை மத்தியானம் தங்கையைப் பார்க்கப் போனார். தங்கைக்கு ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை. வலியோடு வருகிறவர்களை அதட்டி உட்கார வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில், பற்பசை விளம்பரப் பலகைக்குக் கீழே, அக்கா கேட்டார்: "அந்தப் படகோட்டி மகள் கதை உனக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே."

"எந்தக் கதை? ஆத்தோட போற கதையா, போகாத கதையா?"

"போற கதையை அம்மா சொன்னாங்க. நான் ஓன்னு அழுதேன். எனக்கு அப்போ ஆறு வயசு இருக்கும். நீ பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தே, நான் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்திட்டு இருந்தேன். 'அழாதே சனியனே, அவ போகலை, பாத்திரம் கழுவிட்டு வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டு வந்துட்டா'ன்னு சொன்னே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில சோப்பு நுரையோட சொன்னே."

பேராசிரியை விடவில்லை. "அதை நீ என் புத்தகத்துல படிச்சிருப்பே. படிச்சிட்டு, நான் சொன்ன மாதிரி உனக்குத் தோணுது. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும்."

"நான் உன் புத்தகத்தைப் படிச்சேனா! அக்கா, மூணும் அலமாரியில இருக்கு. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியே, அந்தப் பக்கத்தோட சரி."

"நம்ம பழைய வீட்டுக் கதவு என்ன நிறம், சொல்லு பார்ப்போம்."

"நீலம்."

"பச்சை. பார்த்தியா? உன் ஞாபகத்தை நம்பி நான் எப்படி…"

"நீலம்தான்," என்றாள் தங்கை. சொல்லிவிட்டு அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்ன ஆச்சு உனக்கு? நீ எனக்காகக் கட்டிவிட்ட கதை அது. அதனால இப்போ யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம் என்று பல் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு எப்படி விளக்குவது? பத்து வயதில் தங்கையின் அழுகையை நிறுத்த வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதை இருபத்தாறு வயதில் ஒரு அப்பாவிப் பெண்மணி வாயில் போட்டு எடுத்து, ஐந்நூறு வருஷப் பழமை என்று உலகத்துக்கே பாடம் நடத்தியிருந்தால், அந்த முப்பத்து மூன்று வருஷத்துக்கு என்ன பெயர்? போகிற வழியில் பழைய கதவு நீலமா பச்சையா என்று யோசித்தார். சத்தியமாக அதுவும் இப்போது நிச்சயமில்லை.

வெள்ளிக்கிழமை காலை, புரூஃபைப் பையில் திணித்துக்கொண்டு, அவர் ஆற்றுக்குப் பஸ் ஏறினார். தகவலாளி ஒன்பது உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அன்றைக்கே நாற்பத்தைந்து வயது இருக்கும். கதையை வாங்கிக்கொண்டு வந்த பிறகு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

படகுத்துறை இருந்த இடத்தில் பாலம். பாலத்தின் அடியில் ஒரு டயர்க் கடை. கடைக்காரர் ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்தார்.

"படகுக்காரம்மாவா? இருக்காங்க, பின்னாடி அறைதான். கதை கேக்க வந்தீங்களா? பாத்திரக் கதை?"

"உங்களுக்குத் தெரியுமா அந்தக் கதை?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க ஊர்க் கதை. ஐந்நூறு வருஷத்துக் கதை. நான் சும்மா சொல்லலை, ஒரு பெரிய பேராசிரியை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. இந்த ஊர்ல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"ஆத்தோட போற கதை?"

"அது பழசு. இப்போ யாரும் சொல்றதில்லை."

பேராசிரியைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு ஊரே சொல்லுகிறதென்றால் அது அந்த ஊர்க் கதைதானே? ஆனால் ஊருக்கு அதைக் கொடுத்தது யார்? சுற்றி வளைத்துத் தன் காலடிக்கே வந்து நிற்கிற இந்தக் குழப்பத்தை எந்த அடிக்குறிப்பில் போடுவது? டயர்க் கடைக்காரர் காட்டிய கதவை அவர் கொஞ்சம் பயத்தோடுதான் தட்டினார்.

அறை சின்னது, சுத்தமானது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஆறு. அந்தம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. பார்வை கொஞ்சம் மங்கல். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை, பேராசிரியை நாலு வார்த்தை பேசியதும் தெரிந்துவிட்டது.

"மிஷின் பொண்ணா? அடேயப்பா, முடியெல்லாம் நரைச்சுப் போச்சே! உக்காரு, உக்காரு. மிஷின் எங்கே?"

"கொண்டு வரலைம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் வந்தேன்." பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த கேள்வியெல்லாம் மறந்துபோயிற்று. "அந்தப் பாத்திரக் கதை. அதை நீங்க எனக்குச் சொன்னீங்களா, நான் உங்களுக்குச் சொன்னேனா?"

"நீதான் சொன்னே," என்றாள் அந்தம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "நான் வாயையே திறக்கலை. நீதான் வந்து, அவ போகலை, பாத்திரம் கழுவிட்டு இருக்கான்னு சொன்னே."

முடிந்தது. நூற்று நாற்பது பக்கம், மூன்று புத்தகம், துறைத்தலைவி நாற்காலி எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. விசித்திரம் என்னவென்றால், அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்போ ஏன்மா 'ஆமா, அப்படித்தான், அதுதான் சரி'ன்னு சொன்னீங்க? இல்லேன்னு சொல்லியிருக்கலாமே! உங்க கதை அது இல்லைன்னா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படி…"

"உனக்கு அதை யாரு சொன்னா?" அந்தம்மா குறுக்கே கேட்டாள். குரல் மாறியிருந்தது. "அதை நான் அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன், பயத்துல கேக்கலை. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. சின்ன வயசுல என் தங்கச்சி அழுதா. அழாம இருக்கணும்னு நானா கட்டிவிட்டேன்."

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படகோட்டி எங்க அப்பா," என்றாள். "போனது எங்க அக்கா."

பேராசிரியைக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "எந்த… எந்தக் கதையில?"

"கதையில என்னம்மா! நெஜத்துல. அறுபத்து நாலு வருஷம் ஆச்சு. அப்பாவுக்குக் காய்ச்சல். அன்னைக்குத் துடுப்பு என் முறை. பலத்த மழை. துணி வியாபாரி ஒருத்தர் வந்து அக்கரைக்குப் போகணும்னு நின்னாரு. எனக்குப் போக மனசில்லை. 'நீ போக்கா, வீட்டுல பாத்திரம் கிடக்கு, நான் கழுவி வைக்கிறேன்'னு சொன்னேன். பெரிசா ஒண்ணும் பாத்திரம் இல்லை. ரெண்டு தட்டு, ஒரு சட்டி. கழுவி முடிச்சிட்டு வந்து பார்க்கிறேன், படகு கவுந்து கிடக்கு. அந்த ஆளும் போயிட்டாரு. பாவம், அவரைத்தான் ஊரு ஆறுன்னு ஆக்கிடுச்சு."

"நான் இருபத்து மூணு பேரைக் கேட்டேனே. ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே."

"நீ கதைதானே கேட்டே? கதையைச் சொன்னாங்க."

இரண்டு கரையும் அலைந்தவர், மழை எந்த மாதத்து மழை, துடுப்பு எந்த மரத்துத் துடுப்பு என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டவர், அந்தப் பெண் யார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவள் அவருக்கு ஒரு கதைக்கூறாக இருந்தாள், ஒரு வகைமாதிரியாக இருந்தாள், ஐந்நூறு வருஷத்துக்கு அப்பால் பத்திரமாக இருந்தாள்.

"பாத்திரம்னு நான் சொன்னதை நான் யாருக்கும் சொன்னதில்லை," என்று அந்தம்மா தொடர்ந்தாள். "அப்பாவுக்குத் தெரியாது, கட்டினவருக்குத் தெரியாது. நீ எங்கேயிருந்தோ வந்து, மிஷினை வெச்சிட்டு, 'வீட்டுல பாத்திரம் கிடக்கு'ன்னு சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு. யாரோ பார்த்திருக்காங்க, சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம் நீ மேலே சொன்னே. கழுவுறது நான் இல்லை, அவ. அவ வீட்டுக்கு வந்துட்டா. கழுவிட்டே இருக்கா. அதைக் கேட்டதும்…" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதான் அதுதான் சரின்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் அதையேதான் சொல்றேன். ஊரும் அதையே சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. சாகிற காலத்துல எனக்கு அது போதும்."

பேராசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் குற்றத்தைச் சொன்னார்: "நான் அதை ஐந்நூறு வருஷத்துக் கதைன்னு எழுதிட்டேன்மா."

"எனக்கும் அவ்வளவு வருஷம் ஆன மாதிரிதான் இருக்கு," என்றாள் அந்தம்மா.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்? பதிப்பாசிரியர். எடுக்காவிட்டால் விடமாட்டார். எடுத்ததும் ஆரம்பித்தார்: "மேடம், மிஷின் காத்திட்டு இருக்கு, ஆளுங்க காத்திட்டு இருக்காங்க, ஒரே ஒரு கையெழுத்து!"

"சார், நாலாவது அத்தியாயத்தை எடுத்துடுங்க."

"எதை?"

"நாலாவதை. முழுசா. நான் எழுதினது தப்பு. எப்படித் தப்புன்னு முன்னுரையில ரெண்டு பக்கம் எழுதித் தர்றேன்."

மறுமுனையில் எழுந்த கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. நாலாவது அத்தியாயம் இல்லாவிட்டால் அது புத்தகமே இல்லை என்றார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்றார், உங்கள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்றார். யோசிக்காமலா இருப்பார்? "எடுத்துடுங்க" என்று மட்டும் மறுபடி சொன்னார்.

"யாரு, உன் வீட்டுக்காரரா? இப்படிக் கத்துறாரு," என்றாள் அந்தம்மா. பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்து, "கதையை எடுத்துடாதே," என்றாள். "உன் ஆராய்ச்சியை என்ன வேணா பண்ணிக்கோ. கதை இருக்கட்டும். அதுல மட்டும்தான் அவ இருக்கா."

முப்பத்து மூன்று வருஷமாக எது அசல், எது ஒட்டு என்று பிரித்துக்கொண்டே இருந்தவருக்கு, இதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. தெரிந்து சொல்லப்பட்ட பொய்யா? ஊர் முழுக்கப் பேசுகிற உண்மையா? பத்து வயதில் தாம் எப்படிச் சரியாக அந்தச் சொல்லைச் சொன்னோம்? கடைசியில் யோசிப்பதை விட்டுவிட்டார்.

"சார், கதை இருக்கட்டும். பின்னிணைப்புல இருக்கிற மாதிரியே போகட்டும். ஆய்வு மட்டும்தான் வேண்டாம். பழமைன்னு போட்டிருக்கிற வரியையும் அடிச்சிடுங்க."

பதிப்பாசிரியர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனாலும் தொழில் தெரிந்த மனிதர். "பின்னிணைப்புல கதைக்குக் கீழே சொன்னவர் விவரம் வரணும் மேடம். இப்போ தகவலாளி ஒன்பதுன்னு வெறும் எண்தான் இருக்கு. யாரு சொன்னதுன்னு போடட்டும்? உங்க பேரா? அந்தம்மா பேரா?"

பேராசிரியை போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்: "அம்மா, கதையைச் சொன்னவர்னு யாரு பேரைப் போடுறது?"

"எங்க அக்கா பேரைப் போடு," என்றாள் அந்தம்மா. "வீட்டுக்கு வந்துட்டாள்ல? அவ சொன்னதா இருக்கட்டும்."

அவள் பெயரைச் சொன்னாள். அதைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும், முதல் தடவை தொண்டையிலிருந்து வரவில்லை, இரண்டாம் தடவைதான் வந்தது. பேராசிரியை எழுத்து எழுத்தாகப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"தொழில்?"

"படகு ஓட்டுறது."

"வயசு?"

பேராசிரியைக்குத் தெரியவில்லை. அந்தம்மாவைப் பார்த்தார்.

"பதினேழு," என்றாள் அந்தம்மா.